விவசாயப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொருள் விற்க: எந்தக் காகிதம் முதலில், எது பிறகு?

ஊரில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து, விளைவதை மூட்டையாக வியாபாரிக்குப் போடாமல் சுத்தம் செய்து பொட்டலம் போட்டு நாமே விற்கலாம், டவுன் ஆட்களுக்கு நம் வயலையும் சாப்பாட்டையும் காட்டலாம் என்ற யோசனை வந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

வறுப்பதும் புடைப்பதும் நமக்குக் கஷ்டமில்லை. காகிதம்தான் அலைக்கழிக்கும். ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்கை மட்டும் சொல்லி அனுப்பிவிடும். எது முதலில், எது பிறகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லேபிளை அச்சடித்துவிட்டு, உணவுப் பாதுகாப்புத் துறையில் வாங்கும் உணவுப் பதிவுக்குப் போனால், பதிவு எண் இல்லாத அந்த லேபிள் வீண். ஒரு வீட்டு முகவரியில் பதிவு வாங்கிவிட்டு இன்னொரு வீட்டில் அரைத்தால் பதிவு வீண். எங்கள் குழு அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. கட்டணங்களும் வரம்புகளும் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டும் நாளில் தளத்தில் இருக்கும் தொகையையே நம்புங்கள்.

1. எந்த வகைக் குழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மகளிர் குழு ஆரம்பிக்கலாம்" என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சுய உதவிக் குழு என்றால் பொதுவாக 10 முதல் 20 பேர். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் சேரலாம், ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்கலாம். இப்போது பெரும்பாலான ஊர்களில் பாதிப் பெண்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு குழுவில் இருக்கிறார்கள், கடனும் நிலுவையில் இருக்கும். அவர்களை அங்கிருந்து பிரித்து வந்து புதுக் குழு தொடங்கினால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம், வங்கியிலும் கேள்வி.

அதனால் இப்படிப் பாருங்கள். உங்கள் ஆட்கள் எந்தக் குழுவிலும் இல்லையென்றால் சுய உதவிக் குழு. பல குழுக்களில் சிதறி இருக்கிறார்கள் என்றால், இருக்கும் குழுவை விடாமலே அவர்களை வைத்து, சேர்ந்து தயாரித்து விற்பதற்கான உற்பத்தியாளர் குழு அமைக்கலாம். இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்: ஊராட்சி அளவிலான மகளிர் குழுக்களின் கூட்டமைப்பும், ஒன்றிய அலுவலக வளாகத்தில் இருக்கும் மகளிர் திட்ட வட்டார அலுவலகமும்.

மூன்றாவது வழி வேளாண்மைத் துறையின் கூட்டுப் பண்ணையத் திட்டம். அதில் 20 விவசாயிகள் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து 100 பேரானால் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த நூறு பேர் குழுவுக்குப் பண்ணை இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி என்று திட்டம் 2017-18-இல் தொடங்கியது; இப்போதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது ஆண்களும் இருக்கும் குழு. கையெழுத்துப் போடும் இடத்தில் பெண்கள் இருப்பார்களா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

கம்பெனிச் சட்டப்படி உற்பத்தியாளர் நிறுவனமாகவே பதிவு செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் சட்டப்படி முடியும்தான். ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, நிறுவனப் பதிவாளருக்குக் கணக்குத் தாக்கல், தாமதமானால் அபராதம் என்று வரிசையாக வரும். முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

2. தீர்மான நோட்டு

இதைத்தான் எல்லோரும் அலட்சியமாக விடுவார்கள். வங்கி, பான் அட்டை, உணவுப் பதிவு, கண்காட்சிக் கடை என்று எங்கே போனாலும் "தீர்மான நகல் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

அட்டை போட்ட நீள நோட்டு வாங்கிப் பக்கங்களுக்கு எண் போடுங்கள். முதல் கூட்டத்திலேயே ஐந்து விஷயங்கள் தனித்தனித் தீர்மானமாக வர வேண்டும்: குழுவின் பெயர்; ஊக்குநர் (குழுவை முன்நின்று நடத்துபவர்), பிரதிநிதிகள் யார்; மாதச் சந்தா எவ்வளவு; எந்த வங்கிக் கிளையில் கணக்கு, யார் யார் கையெழுத்து; எந்தப் பொருளைத் தயாரிக்கப் போகிறோம், எந்தக் கதவு எண் கட்டடத்தில். கடைசித் தீர்மானம் இப்போது தேவையில்லாததுபோலத் தோன்றும். ஏழாவது படிக்குப் போகும்போது கை கொடுக்கும்.

வந்திருப்பவர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைப்பவர் இருந்தால் பக்கத்தில் பெயரை எழுதி, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.

குழுவின் பெயரை எழுதும்போது கவனம். "மலர்" என்று ஒரு காகிதத்திலும் "மலர் மகளிர் குழு" என்று இன்னொன்றிலும் இருந்தால் இரண்டும் வேறு குழு என்று திருப்பி அனுப்புவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டையும் அதே கூட்டத்தில் முடிவு செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் அதைப் பார்த்தே செய்ய வேண்டும்.

நோட்டு, ஸ்டாம்ப், ரொக்கப் புத்தகம், தனிநபர் சேமிப்புப் புத்தகம் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

3. வங்கிக் கணக்கு

எடுத்துப் போக வேண்டியவை: தீர்மான நகல், உறுப்பினர் பட்டியல், கையெழுத்துப் போடுபவர்களின் ஆதார், பான், புகைப்படம், குழு முத்திரை. கூட்டமைப்பின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொண்டு போங்கள். சுய உதவிக் குழுவுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் பொறுப்பாளர்களின் அடையாள ஆவணம் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிமுறை. எல்லா உறுப்பினர்களின் ஆவணங்களையும் கடன் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு கிளையில், பதினைந்து பேரும் ஒரே நாளில் நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நடவு நேரம். ஆள் ஆளுக்கு ஒரு வயலில் நிற்கிறார்கள். கடைசியில் வட்டார ஒருங்கிணைப்பாளரைக் கூட்டிப்போய், விதியைச் சொல்லி, எழுத்தில் பதில் கேட்டபிறகுதான் கணக்குத் திறந்தது. சண்டை வேண்டாம். "இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள் சார், குழுவில் காட்டணும்" என்று கேட்டால் போதும்.

கணக்கை ஊக்குநரின் தனிப்பட்ட பெயரில் "தற்காலிகமாக" வைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கண்காட்சியில் ஒட்டும் க்யூஆர் அட்டையும் குழுக் கணக்கோடுதான் இணைந்திருக்க வேண்டும். "என் போனுக்கு அனுப்புங்க, அப்புறம் கொடுத்துடுறேன்" என்று ஆரம்பித்துக் கலைந்துபோன குழுக்கள் நிறைய.

4. பான் அட்டையும் உதயம் பதிவும்

குழுவின் பெயரில் பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது வகையைத் தனிநபர் என்று போடாமல் நபர்கள் கூட்டமைப்பு (ஆங்கிலத்தில் AOP) என்று போட வேண்டும். இணைய மையத்தில் அவசரத்தில் முன்னதைத் தட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அட்டையாக வாங்க 107 ரூபாய், மையக்காரர் கூலி தனி. இரண்டு மூன்று வாரத்தில் தபாலில் வரும்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவுதான் உதயம். அது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வரும் தளங்களில் பல, அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள். பணம் கேட்டாலே தவறான இடம் என்று வெளியே வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பொருள் மட்டும் விற்கும் குழுவுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு தேவைப்படாது. வேறு மாநிலத்துக்கு அனுப்புவது, பெரிய இணையக் கடைகளில் விற்பது என்றால் கணக்கு மாறும். அந்தக் கட்டத்தில் ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள், முன்னாடி வேண்டாம்.

5. பட்டா யார் பெயரில்?

உழுவதும் களை எடுப்பதும் அறுப்பதும் நாம். பட்டா மாமனார் பெயரில், சில வீடுகளில் மாமனாரின் அப்பா பெயரில். மானியம், உழவர் சந்தை அட்டை, இயற்கைச் சான்று எதற்கும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள், அங்கேதான் முட்டும்.

கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்ப்பதோ, பாகப்பிரிவினையோ, தானப் பத்திரமோ உடனே நடக்கிற காரியமில்லை. வீட்டுக்குள் பேசி முடிக்கவே மாதக்கணக்காகும். அதற்காகக் குழுவை நிறுத்தி வைக்காதீர்கள். பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்காவது சொந்தப் பெயரில் பட்டா இருக்கும். நிலம் கட்டாயம் தேவைப்படும் விண்ணப்பங்களுக்கு அவர்களை முன்னால் நிறுத்துங்கள். மற்றவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிர் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவையுங்கள். நிலத்தில் வரகு நிற்க, அடங்கலில் தரிசு என்று இருந்தால் பின்னால் எந்த அலுவலரும் நம்ப மாட்டார்.

சிறு, குறு விவசாயி சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாங்கிவைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் பயன்படும்.

6. எதை விற்பது, என்ன விலை?

ஆரம்பத்தில் இரண்டு பொருள் போதும். பத்து வகைப் பொட்டலம் போட்டுக் கடை விரித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் லேபிள், காலாவதித் தேதி, தேங்கும் சரக்கு என்று பணம் முடங்கும்.

கெட்டுப்போகாததில் தொடங்குங்கள். சிறுதானிய அரிசி, பயறு, மிளகாய், மல்லி. மாவு வகையில் கம்பு மாவு மட்டும் எச்சரிக்கை. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். அரைத்து ஒரு வாரம், பத்து நாளில் ஒருவிதக் காறல் வாடை வந்து கசக்கும். மூன்று மாதம் தாங்கும் என்று எழுதிக் கடையில் வைத்தால் பொட்டலம் அப்படியே திரும்பி வரும். கம்பை முழுத் தானியமாக விற்கலாம், இல்லையென்றால் வாங்குபவர் கேட்டபிறகு அரைத்துக் கொடுக்கலாம்.

காலாவதித் தேதியை வாயால் முடிவு செய்யாதீர்கள். விற்கும் அதே பொட்டலத்தில் பத்துப் பன்னிரண்டு போட்டு, அடுப்படி வெக்கையில் பாதி, நிழலில் பாதி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, சமைத்துப் பாருங்கள். வண்டு, காறல், கட்டி எது எந்த வாரத்தில் வந்தது என்று எழுதிவையுங்கள். முதல் கெடுதல் தெரிந்த நாளுக்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும் உங்கள் தேதி.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோ வரகு, கிலோ 35 என்றால் 3,500 ரூபாய். உமி நீக்கும் கூலி 600. கல், குருணை பொறுக்கப் புடைக்க இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி 800. வண்டி 300. இனி முக்கியமான இடம்: 100 கிலோ வரகு கொடுத்தால் 100 கிலோ அரிசி வராது. ரகத்துக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப 55 முதல் 70 கிலோ வரும். 60 என்று வைத்தால் அறுபது பொட்டலம், கவரும் லேபிளும் 6 ரூபாய் வீதம் 360. மொத்தம் 5,560. கிலோவுக்கு 93 ரூபாய் அடக்கம்.

110 ரூபாய் என்று விலை போட்டு மகிழ்ந்துபோவோம். டவுன் கடைக்காரர் 20 சதவீதம் கேட்பார். அவருக்கு 22 போனால் நம் கைக்கு 88, கிலோவுக்கு 5 ரூபாய் நஷ்டம். 130 போட்டால் கடைக்கு 26, நமக்கு 104. அப்போதுதான் 11 ரூபாய் நிற்கும். நேரடியாக விற்கும்போது "கடையில் 130, இங்கே 115" என்று குறைத்துக் கொடுக்கலாம். பொட்டலத்தில் அச்சான விலைக்கு மேல்தான் போகக் கூடாது.

கூலியைக் கணக்கில் சேர்க்காத குழு ஆறு மாதம் கழித்து உடையும். "நம்ம வேலைதானே" என்று முதலில் எல்லோரும் சொல்வார்கள். பிறகு ஒருவர் தினமும் வருவார், இன்னொருவர் வர மாட்டார், பேச்சு வளரும்.

7. உணவுப் பதிவு

விளைந்தபடியே, விவசாயியின் கையில் இருக்கும் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. உமி நீக்கி, வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்டுக் குழுவின் பெயரில் விற்கிறோம் என்றால் பொருந்தும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில் விண்ணப்பம். 2011 விதிமுறைகள் சிறு வணிகருக்கு முதலில் வைத்த வரம்பு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்; இப்போதைய வரம்பைத் தளத்தில் பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் பதிவு, மேலே போனால் உரிமம். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பொறுப்பாளரின் புகைப்படம், அடையாள ஆவணம், இடத்துக்கான சான்று, தீர்மான நகல் கையில் இருக்கட்டும். விதிப்படி ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது நேரில் ஆய்வு என்று சொல்ல வேண்டும். ஆய்வு என்றால் ஒரு மாதம் வரை போகும்.

இங்கே விழும் குழிகள் மூன்று.

பதிவு என்பது இடத்துக்கு. மூன்று பேர் மூன்று வீட்டில் வறுத்து அரைத்தால் மூன்று இடத்துக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். அதனால்தான் இரண்டாவது படியில் கதவு எண்ணைத் தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டையோ, ஊராட்சியின் மகளிர் குழுக் கட்டடத்தையோ ஒரே இடமாக முடிவு செய்யுங்கள். சிமெண்ட் தரை, சன்னலுக்கு வலை, கை கழுவ இடம், நெல்லும் உரமும் அடுக்காத அறை. இவ்வளவு இருந்தால் ஆய்வுக்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, வகை. இணைய மையத்தில் சில்லறை விற்பனை என்று தட்டிவிட்டு நூறு ரூபாய் ரசீதைக் கொடுத்துவிடுவார்கள். நாம் தயாரிக்கிறோம். தயாரிப்பு என்பதே வர வேண்டும்.

மூன்றாவது, இடைத்தரகர். நூறு ரூபாய் வேலைக்கு இரண்டாயிரம் வாங்குவார்கள். அதைவிட மோசம், தங்கள் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். திருத்தமோ புதுப்பித்தலோ வரும்போது கடவுச்சொல் அவர்களிடம் போய்விடும். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதை மட்டும் கொடுங்கள்.

கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளிலும் வர வேண்டும், பில்லிலும் வர வேண்டும். சான்றை அறையில் மாட்டுங்கள்.

செக்கு எண்ணெய் போட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சமையல் எண்ணெயைத் திறந்த டின்னில் வைத்து அளந்து ஊற்றி விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அடைத்துத்தான் விற்க வேண்டும்.

8. லேபிள்

எங்களுக்கு அதிகம் ஆட்டம் காட்டியது இதுதான். ஒரு பொட்டலத்தின் முன்னும் பின்னும் என்னென்ன வேண்டும் என்று இரண்டு சட்டங்கள் சொல்கின்றன, ஒன்று உணவுப் பாதுகாப்பு, இன்னொன்று எடையளவு. இரண்டையும் சேர்த்தால் வருபவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், அதிகம் சேர்த்தது முதலில், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், தொகுதி எண் (எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் எண்), குழுவின் பெயரும் முழு முகவரியும், உணவுப் பதிவு எண்ணும் சின்னமும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்ற அலகு விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண், மின்னஞ்சல், எப்படிப் பாதுகாப்பது. நிலக்கடலை, கோதுமை, சோயா, பால் போன்றவை சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பும் வேண்டும்.

அரிசி, பயறு, வெல்லம் மாதிரித் தனிப் பொருளுக்கு ஊட்டச்சத்து அட்டவணை விலக்கு. பதினைந்து தானியம் சேர்த்த சத்துமாவுக்கு அந்த விலக்கு இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆரம்பத்தில் இரண்டு தனிப் பொருள் போதும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் மட்டும் லேபிள் அடித்துவிடாதீர்கள். நம் ஊரில் நம் ஆட்களுக்கு விற்கிறோம், தமிழ் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் சட்ட அளவிலும் போட்டுவிடுங்கள்.

"சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "புற்றுநோய் வராது" என்றெல்லாம் லேபிளில் எழுதவே கூடாது. மேசைமேல் வைக்கும் அட்டையிலும் கூடாது. சிறுதானியம் விற்பவர்கள் அதிகம் மாட்டுவது இதில். எப்படிச் சமைப்பது என்று இரண்டு வரி எழுதுங்கள். வரகரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எத்தனை பங்கு தண்ணீர் என்று தெரியாமல்தான் டவுனில் பலர் மறுமுறை வாங்குவதில்லை.

அச்சடித்த கவர் வாங்கப் போனால் பல ஆயிரம் எண்ணிக்கைக்குக் குறைந்து தர மாட்டார்கள். வெறும் நிற்கும் பவுச் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தேதி, தொகுதி எண், விலை மூன்றுக்கும் ஸ்டிக்கரில் இடம் காலியாக விட்டு, தேதி முத்திரை வைத்துக் குத்திக்கொள்ளலாம். கையால் அழுத்தும் சீலிங் மெஷின் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஐநூறு ஸ்டிக்கருக்கு மேல் முதல் முறை அடிக்காதீர்கள். கண்டிப்பாக ஏதாவது ஒன்று மாறும்.

9. தராசு

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. முத்திரைச் சான்றைத் தராசுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் பொட்டலமிடுபவர் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். உணவுப் பதிவு இருந்தால் போதும் என்று நினைத்துப் பல குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன. இது வேறு துறை, வேறு பதிவு.

எடை போடும்போது கவரின் எடையைக் கழியுங்கள். தானியம் காய்ந்தால் எடை குறையும் என்பதால் ஐந்து கிராம் கூடவே போடுவது நல்லது.

10. "இயற்கை" என்று எழுதலாமா?

எருவும் பஞ்சகவ்யமும்தான் போடுகிறோம் என்றாலும், சான்று இல்லாமல் ஆர்கானிக் என்று லேபிளில் அடிப்பது வம்பு. சின்னக் குழுவுக்கு ஏற்றது பிஜிஎஸ் என்கிற பங்கேற்புச் சான்று. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து எழுதி உறுதி கொடுக்கும் முறை. செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் காலம் பிடிக்கும். ஆண்டுப் பயிருக்கு மாற்றுக் காலம் 24 மாதம். அதுவரை "மாற்று நிலையில்" என்பதற்கான பச்சை அடையாளம் மட்டுமே. ஏற்றுமதிக்கு விற்கும் எண்ணம் இருந்தால் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுக வேண்டும், அதன் செலவும் ஆவணமும் வேறு.

சொந்த விளைச்சலை நேரடியாகச் சாப்பிடுபவரிடமே விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அப்போதும் சான்று பெற்ற இயற்கைப் பொருளுக்கான ஜைவிக் பாரத் சின்னத்தைப் போட முடியாது.

11. விற்கும் இடங்கள்

உழவர் சந்தையில் கடை வாடகை, கமிஷன் கிடையாது, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். அடையாள அட்டைக்குச் சிட்டா, அடங்கல், புகைப்படம் வேண்டும். அலுவலர் வயலை வந்து பார்ப்பார். காய்கறி, கீரைக்கு நல்ல இடம். பொட்டலத்துக்கு அவ்வளவு பொருந்தாது.

பொட்டலத்துக்கு மகளிர் குழுப் பொருட்கள் விற்கும் இடங்கள் இருக்கின்றன: மாவட்டத் தலைநகரில் உள்ள பூமாலை வணிக வளாகம், மதி அங்காடி, கல்லூரிச் சந்தை, சரஸ் கண்காட்சி. இதற்கெல்லாம் கூட்டமைப்பு வழியாகத்தான் பெயர் போகும். தேதி தெரிந்தபின் போனால் இடம் இருக்காது; மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் ஒரு ஆளை அனுப்பி, முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.

கண்காட்சிக்குப் போகும்போது சில்லறை நிறைய எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை 2019-லிருந்து தடை, மஞ்சப்பை வைத்துக்கொண்டு தனி விலை சொல்லலாம். சமைத்த மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சாமைப் பொங்கலை ஒரு தொன்னையில் கொடுத்தால் விற்கும் அளவு, அரை மணி நேரம் பேசினாலும் விற்காது.

12. ஊரைப் பார்க்க ஆட்களை அழைப்பது

வயல் சுற்றிக் காட்டி மதியச் சாப்பாடு போடும் ஒருநாள் திட்டம் பல குழுக்களுக்குப் பொட்டலத்தைவிட நல்ல வரும்படி தரும். வந்தவர்கள் திரும்பும்போது இரண்டு மாதத்துக்கான அரிசியும் வாங்கிப் போவார்கள்.

தேதியைப் பயிரைப் பார்த்து வையுங்கள், பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து வைக்காதீர்கள். அறுவடை முடிந்த வெற்று வயலை மே மாத வெயிலில் காட்டி என்ன பயன்? சம்பா கதிர் முற்றும் மார்கழி, தை நல்ல சமயம்.

முதலில் கழிப்பறை. இரண்டு சுத்தமான கழிப்பறை, தண்ணீர், வாளி, சோப்பு இல்லாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். அப்புறம் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு ஆளை நிறுத்துங்கள். குழந்தைகள் ஓடுவது அங்கேதான். பாம்புக்கடி மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனை எது என்று முன்பே கேட்டுவைத்து, 108-க்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கட்டும்.

சமைத்துப் பரிமாறுவதும் உணவுத் தொழில்தான். ஏழாவது படியில் வாங்கிய பதிவில் அதுவும் இடம்பெற வேண்டும். இருபது பேருக்கு மேல் முதல் முறை வேண்டாம். தலைக்கு 300 ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். முப்பது பேர் என்று சொல்லிப் பன்னிரண்டு பேர் வந்தால் சோறு மிஞ்சி, கணக்கும் இடிக்கும். வயல்காரருக்கு ஒரு தொகை, சமைத்தவருக்குக் கூலி, மீதி குழுவுக்கு என்று பிரிப்பதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதுங்கள். ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வது பின்னால் வரும் பேச்சைத் தவிர்க்கும்.

இரவு தங்க வைப்பது வேறு கதை, வேறு அனுமதிகள். இப்போதைக்கு மாலை ஐந்து மணிக்கு வண்டியேற்றிவிடுங்கள்.

13. கடன், மானியம்

வங்கிக் கடன் கேட்கக் குழு ஆறு மாதம் செயல்பட்டிருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைக் குழுவின் கணக்குப் புத்தகப்படி எண்ண வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். கணக்குத் திறக்கத் தாமதமானவர்களுக்கு இது பெரிய உதவி. அதற்கு நோட்டு ஒழுங்காக இருக்க வேண்டும். 10 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பைப் பிடித்து வைக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லவும் கூடாது. கடனோடு சேர்த்துக் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை நீட்டினால், கட்டாயமா என்று கேளுங்கள்.

பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் இரண்டு உதவிகள்: உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி, அது கூட்டமைப்பு வழியாகக் கடனாகத்தான் கைக்கு வரும், இயந்திரத்துக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், வங்கிக் கடனோடு இணைந்த மானியம். காலவரம்பு உள்ள திட்டம் என்பதால், இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டபிறகு விலைப்புள்ளி வாங்க அலையுங்கள். பண்ணைக் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

ஒப்புதல் கடிதம் வருவதற்குள் இயந்திரத்தை வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது. விற்பவர் "இன்னிக்கே எடுத்தா விலை குறைவு" என்பார். கேட்காதீர்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

தீர்மானம், கணக்கு, பான் எல்லாம் முதல் இரண்டு மாதம். பொட்டலத்தைத் தாங்கவைத்துப் பார்க்கும் சோதனையையும் உணவுப் பதிவையும் மூன்றாவது மாதத்தில் ஒன்றாகத் தொடங்கலாம். பதிவு எண் கையில் வந்தபிறகு லேபிள், தராசு முத்திரை. நான்காவது, ஐந்தாவது மாதம் முதல் விற்பனை. பொட்டலமிடுபவர் பதிவுக்கான 90 நாள் அங்கிருந்து ஓடத் தொடங்கும். ஆறாவது மாதம் முடிந்ததும் கடன் விண்ணப்பம். கையிருப்பாகப் பதினைந்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் இருந்தால் சந்தா, ஸ்டிக்கர், பவுச், முதல் மூட்டை வரை சமாளித்துவிடலாம்.

புதுப்பிக்கும் தேதிகளை, உணவுப் பதிவு, தராசு முத்திரை இரண்டையும், ஊக்குநரின் செல்பேசியில் மட்டும் குறித்து வைக்காமல் அறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஊக்குநர் மாறுவார், செல்பேசியும் அவரோடு போய்விடும்.